பிரஷர் மாத்திரையை ஒளித்து வைத்த அம்மா – தப்பு யார் மேல்?

ஏலக்காட்டு மகள் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கம்பம். அம்மாவுக்கு 54 வயது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்பம்மெட்டு மலை ஏறிக் கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து சோறு வடித்தால்தான் ஐந்தரை ஜீப்பைப் பிடிக்க முடியும். திரும்பி வரும்போது தெருவிளக்கு எரியும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் தோட்டத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மேலே ஒரு கிளினிக்கில் காட்டியதில் பிரஷர் என்று மாத்திரை எழுதினார்கள். அதன் பிறகு மாசம் ஒரு முறை அரை நாள் லீவு போட்டு அங்கேயே போய் வருவார். ஒவ்வொரு முறையும் 170, 180 என்றுதான் இருக்கும். டாக்டரும் ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் கூட்டினார்.

மூன்று வாரத்துக்கு முன் காயெடுத்துக்கொண்டிருக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, இடது கை தூக்க வரவில்லை. இருபது நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டதாம். அந்த நிரையை, அதாவது தனக்குப் பிரித்துவிட்ட செடி வரிசையை, முடித்துவிட்டுத்தான் ஜீப் ஏறியிருக்கிறார். மறுநாள் நான் கூடப் போனேன். 190க்கு 110. "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சாப்பிடுறேன் சார்" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் கைவிட்டால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே மாத்திரை அட்டைகள். பத்து மாத்திரை அட்டையில் ஒன்று இரண்டுதான் உடைத்திருந்தது. அடுத்த முறை போனபோது நானே அதை டாக்டரிடம் சொல்லித் தொலைத்தேன். வெளியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மருந்து எழுதறதே வேஸ்ட்" என்றார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொன்னார்: "அதப் போட்டா அரைமணிக்கொருக்க ஒண்ணுக்கு வருதுத்தா. மேல எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டிருக்கிறார். வீட்டில் இருக்கிற ஒரே நாள் அதுதானே.

ஜீப்பில் பதினாலு பேர். தோட்டத்தில் இறங்கினால் நிரை பிரித்துவிடுவார்கள். பக்கத்து நிரையில் ஆண்கள் பூச்சிமருந்து அடிப்பார்கள், கீழே அட்டைப்பூச்சி, மேற்பார்வை பார்க்கும் கங்காணி கண் எப்போதும் நம் மேல். ஒருத்தி எழுந்து போனால் அவள் நிரை பின்தங்கும். காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம், ஜீப்பில் வரும் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தானாம். எனக்கு இது தெரியாது. 26 வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், தெரியாது.

டாக்டர் மேல் கோபம் வருகிறது. பாட்டிலைக் காட்டிக்கொடுத்த என் மேலும் வருகிறது. இதில் தப்பு யார் மேல்?

நேர்வழி | ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். டாக்டருக்கு ஜோசியம் தெரியாது. "சாப்பிடுறேன்" என்று பொய் சொன்னது உங்கள் அம்மா. "சார், இதைப் போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் பேசியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஜீப், கங்காணி, சமூகம் என்று தள்ளிவிட்டால் அவரவர் உடம்புக்கு அவரவர் பொறுப்பு என்று ஒன்று இல்லையா?

ஊசிக்காரி | ஞாயிறு, இரவு 11.50

நைட் டியூட்டியில் இருந்து எழுதுகிறேன். தேனி மாவட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் 19 வருஷமாக நர்ஸ்.

முதலில் அவசரமானது. வாய் இழுத்து இருபது நிமிஷத்தில் சரியானது என்கிறீர்களே, அது நல்ல சகுனமல்ல, பெரிய பக்கவாதத்துக்கு முன் அடிக்கிற மணி. இனி ஒரு தடவை வந்தால் சரியாகிவிடும் என்று நிரையை முடிக்கக் கூடாது. அடைப்பால் வந்த வாதம் என்றால் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மேலே இருந்து இறங்கவே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். நாளைக்கே கானாவிலக்கு மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் பாருங்கள்.

அடுத்தது மாத்திரை. அட்டையில் பேருக்குப் பின்னால் தனியாக 'ஹெச்' என்று ஒரு எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் நீர் போகிற மருந்து கலந்த மாத்திரை. நல்ல மருந்துதான், விலையும் குறைவு. போட்ட இரண்டு மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து ஆறு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். விடிகாலை நாலு மணிக்குப் போட்டால் சரியாக ஜீப்பிலும் காட்டிலும்தான் படுத்தும். நீர் போகாத வேறு பிரஷர் மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. டாக்டரிடம் காரணத்தைச் சொன்னால் மாற்றி எழுதுவார்.

ஒன்று முக்கியம். பயந்துபோய் நாளையிலிருந்து எழுதியது அத்தனையையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். அம்மா சாப்பிடுகிறார் என்று நம்பித்தான் அந்த டாக்டர் டோசைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். சாப்பிடாத உடம்புக்கு அது முழுசாக இறங்கினால் பிரஷர் தடாலென்று விழுந்து எங்காவது சாய்ந்துவிடுவார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது டாக்டர் மேஜையில் வையுங்கள், அவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

நேர்வழி சாருக்கு: "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே வராது. பள்ளிக்கூடத்தில் "வீட்டுப்பாடம் எழுதினியா" என்று கேட்கிற மாதிரிதான் அது. நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் கேட்டேன், 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று சீட்டில் எழுதியும் இருக்கிறேன். இப்போது, "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும், உங்களுக்கு வாரத்தில எத்தனை நாள் விடுது?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கியர்ரெண்டு | திங்கள், காலை 4.35

நான் ஜீப் ஓட்டுகிறவன். வண்டி எடுக்கப் போகிறேன், அதனால் சுருக்கமாக.

அந்த அக்கா சொன்னது நிஜம். கேன் நிறையத் தண்ணீர் கொண்டுவருவார்கள், சாயங்காலம் அப்படியே திரும்பும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். பதினாலு பேர் வண்டியில் நான் ஒருவன் ஆண், சின்னப் பையன் வேறு. எப்படிச் சொல்வார்கள்? தவிர, இறக்கிவிடப் பத்து நிமிஷம் பிந்தினால் கங்காணி என்னைத்தான் கேட்பான், இரண்டாம் தடவை பிந்தினால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும்.

நேர்வழி | திங்கள், காலை 8.20

சிஸ்டர், நீங்கள் சொல்வது புரிகிறது. என் அனுபவத்தையும் கேளுங்கள். என் அப்பா ரிட்டயர்டு அரசு ஊழியர். நல்ல பென்ஷன், வீட்டில் மூன்று பாத்ரூம், ஐந்து நிமிஷ நடையில் ஆஸ்பத்திரி. சுகர் 300க்கு மேல். டிபன் கடைக்கு வாக்கிங் போய் ஜிலேபி தின்றுவிட்டு வருகிறார். அதில் என்ன சமூகக் காரணம்? ஆளுக்கு நாக்கு அடங்கவில்லை, அவ்வளவுதான். வசதி இருந்தாலும் செய்யாதவன் செய்ய மாட்டான் என்பதுதான் என் வாதம்.

இரவுப்பணி | திங்கள், மதியம் 2.10

நான் டாக்டர், இளையவன். சொந்த ஊர் போடி. இடுக்கியில் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். என் தரப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காலை ஓபியில் நூற்றிருபது பேர். ஆளுக்கு மூன்று நிமிஷம்கூட வராது. அந்த மூன்று நிமிஷத்தில் "உங்கள் ஜீப் எத்தனை மணிக்கு" என்று கேட்க எனக்கும் தோன்றியதில்லை. படிப்பில் சொல்லித் தந்ததெல்லாம் மருந்தின் பக்கவிளைவுதான். பக்கவிளைவு வரும்போது ஆள் எங்கே நிற்பார் என்று யாரும் கேட்டதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த டாக்டர் நாலு பேர் முன்னால் பேசியதற்கு மூன்று நிமிஷம் காரணமாகாது.

நேர்வழி அண்ணே, உங்கள் அப்பா விஷயம் உண்மை. ஆனால் ஒரு ஆள் ஏன் ஜிலேபி தின்கிறார் என்பது ஒரு கேள்வி, ஒரு கூட்டத்தில் யாருக்கு அதிகம் நோய் வருகிறது என்பது வேறு கேள்வி. லண்டனில் 1967ல் தொடங்கி அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்பார்கள், மைக்கேல் மார்மட் என்பவர் பேரோடு சேர்த்துச் சொல்வது. எல்லோருக்கும் நிலையான சம்பளம், எல்லோருக்கும் இலவச வைத்தியம். பட்டினி கிடந்தவர் யாருமில்லை. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மேல் அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. சிகரெட், கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் ஒரு பகுதிதான் விளங்கியது. உத்தியோகத்தில் எந்தப் படியில் நிற்கிறாய் என்பதே உடம்பில் ஏறுகிறது.

அப்புறம், ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. பாஷை. என் ஓபியில் மலையாளி டாக்டர் ஒருவர் தமிழ்ப் பாட்டியிடம் "பனி உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பாட்டி, "அத ஏன் சாமி கேக்குற, காலைல ஆளே தெரியல" என்றார். அவரும் காய்ச்சல் என்று எழுதிவிட்டார்! எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. கீழிருந்து ஏறி வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சீட்டு ஒட்டிக் கொடுக்கும்போது "மருந்து முடக்கருது" என்பார்கள், மருந்தை விட்டுவிடாதே என்று அர்த்தம். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏலக்காட்டு மகள் | திங்கள், இரவு 8.55

டாக்டர் சார், உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்: "அங்க மருந்து குடுக்கிற பொண்ணு என்னம்மா சொல்லும்?"

"அதுவா, ஒவ்வொரு வாட்டியும் அந்தப் புள்ள சொல்லும், மருந்து முடக்கும் முடக்கும்னு. கூட வேலை செய்யுற செல்வி மாமியாரு முடங்கித்தான கெடக்கு."

இரண்டு வருஷம். ஒருபக்கம் ஒண்ணுக்குப் பிரச்சினை, இன்னொரு பக்கம் மருந்தே கைகாலை முடக்கிவிடும் என்ற பயம். அப்படியும் எனக்காக ஞாயிற்றுக்கிழமை ஒன்று போட்டிருக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அம்மா என்னவோ, "என்னத்தா முழிக்கிற, கொழம்பு தீயுது பாரு" என்கிறார்.

ஸ்கேனுக்குப் புதன்கிழமை போகிறோம். முந்தியே போகலாம் என்றால் இந்த வாரம் காயெடுப்பு, லீவு கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று ஒரே பிடிவாதம்.

ஊசிக்காரி | திங்கள், இரவு 9.10

புதன் வேண்டாம்மா, நாளைக்கே. காயை வேறு யாராவது எடுப்பார்கள்.

படியேறி | செவ்வாய், காலை 6.45

காசநோய்ப் பிரிவில் களப்பணி செய்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நோயாளியைத் தேடி லயம் லயமாக (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏறி இறங்குவதுதான் வேலை.

நேர்வழி சார் கேட்ட பொறுப்பு விஷயத்துக்கு எங்கள் துறையில் பழைய கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் டிபி வந்தால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பிழைப்பான், ஏழை வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் மருந்தையும் சாப்பிட மாட்டான், வீட்டில் எல்லோருக்கும் பரப்பிவிடுவான் என்று உலகம் முழுக்க நம்பினார்கள். 1956ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கிச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, படுக்கை, ஓய்வோடு. மீதிப் பேர் அதே நெருக்கடியான வீட்டில், அதே அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, மாத்திரையை மட்டும் வீட்டிலேயே வைத்து. 1959ல் முடிவு வந்தது. குணமானதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் அதிகம் தொற்றவில்லை. உலகமே சானடோரியங்களை மூடியது அதன் பிறகுதான். 'ஏழை மருந்து சாப்பிட மாட்டான்' என்பது நம் ஊரிலேயே தோற்றுப்போன வாதம். ஆனால் அங்கே வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள், வராதவனைத் திட்டாமல் கேட்டார்கள். அந்த வேலை சேர்ந்ததால்தான் ஜெயித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குணமாக மாத்திரை போதும், நோய் வராமல் இருக்கச் சோறு வேண்டும். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு மாசாமாசம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023ல் வெளியானது. சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லை, டிபி மருந்து இல்லை, வெறும் உணவும் சத்து மாத்திரையும்தான்.

என் ஆள் ஒருவர். லயத்தில் பொதுக் கக்கூஸ். டிபி மாத்திரையில் ஒன்று மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கிவிடும். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை, நாங்கள் முதல் நாளே சொல்லிவிடுவோம். அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துவிட்டு "ரத்தமாப் போறியா" என்று கேட்டிருக்கிறான். நோய் வெளியே தெரிந்துவிடும், மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் போய் உடம்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன், அசையவில்லை. கடைசியில் மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னோம், இருட்டில் நிறம் தெரியாது என்று. ஆறு மாசம் முடித்தார். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கண்டிஷனோடு.

வேலந்தாவளம் வெயில் | செவ்வாய், காலை 11.30

பாலக்காடு எல்லையிலிருந்து. எங்கள் பக்கம் கள்ளும் தென்னையும், வெயிலும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஒரு அம்மா, அந்த வீட்டோடு சண்டை வந்ததும் ஊசியையே விட்டுவிட்டார். சண்டைக்கு முருங்கைக்காய்தான் காரணம். சுகாதாரத் துணை மையத்துச் சேச்சிதான் மண்பானைக்குள் மண்பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, உள்ளே மருந்தை வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அறைச்சூட்டைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். மருந்துச் சீட்டில் இதை யாரும் எழுத மாட்டார்கள்.

நகரித் தறி | செவ்வாய், மாலை 5.05

ஆந்திரா பார்டர் ஆட்களும் இருக்கிறோம்! எங்கள் பக்கம் கை முறிந்தால் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் புத்தூர் கட்டுக்குப் போகிறார்கள் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தே வண்டி கட்டி வருகிறார்களே, ஏன்? பச்சிலையை முட்டையோடு குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன், படுக்கை, துணைக்கு ஒரு ஆள். ஆக இரண்டு தறி நிற்கும். நாங்கள் மூடநம்பிக்கையில் போகவில்லை, கூலிக் கணக்குப் போட்டுத்தான் போகிறோம்.

ஊசிக்காரி | செவ்வாய், மாலை 6.20

கணக்கு சரிதான் அண்ணே. ஆனால் இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்துப்போய் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூட்டு முறிவு, எலும்பு வெளியே தெரிகிற முறிவு என்றால் தயவுசெய்து வேண்டாம். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கட்டை அவிழ்க்க வேண்டும்.

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.40

புத்தூர் கட்டுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே தொடர்ந்தால் நானூறு பதிவு ஓடும், முந்தைய அனுபவம்.

பழைய கம்பவுண்டர் | செவ்வாய், இரவு 9.30

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் 31 வருஷம் மருந்து கொடுத்தவன். கண் சரியில்லை, பேரன் தட்டச்சு செய்கிறான்.

1951ல் வந்து 2025 வரை இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் கக்கூஸ், குடிதண்ணீர், வைத்தியம் எல்லாம் முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. ஏலத்தோட்டமும் அதில் சேர்ந்தது. ஆனால் ஐந்து ஹெக்டேராவது இருந்து, பதினைந்து பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் தொட்டது. ஏலக்காடு பாதிக்கு மேல் துண்டு துண்டுத் தோட்டம். அந்தம்மா போகிற தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள், பதில் தெரிந்துவிடும்.

பெரிய எஸ்டேட்டில் கக்கூஸ் கட்டுவார்கள். எங்கே? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில். கொழுந்து எடுக்கிறவள் நிற்பது ஒன்றரை மைல் மேலே. இன்ஸ்பெக்டர் வந்தால் கக்கூஸ் இருக்கிறது. நானும் மூத்திர எரிச்சல், நீர்க்கடுப்பு என்று வருகிற பெண்களுக்குச் சிட்ரால்கா என்ற மருந்தைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வாரத்துக்கு வாரம் அதே பெண்கள் வருவார்கள். 31 வருஷத்தில் ஒரு நாளும் ஏனென்று கேட்கவில்லை. இந்த இழையைப் பேரன் படித்துக் காட்டியபோதுதான் அது உறைத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே மக்களைத் தேடி மருத்துவம், பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை. அருமையான திட்டம். இந்தம்மா வீட்டுக்கும் வந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். பகல் பதினோரு மணிக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். மக்களைத் தேடி வந்த நேரத்தில் மக்கள் மலை மேலே இருந்தார்கள். தொழிலாளரைத் தேடி என்று வேலையிடத்துக்கும் இப்போது போகிறார்களாம். ஆனால் இவர்கள் வேலையிடம் கேரளாவில். வீடு ஒரு சர்க்கார், வேலை இன்னொரு சர்க்கார்.

நேர்வழி | புதன், காலை 7.50

எல்லோருடைய பதிவையும் படித்தேன். என் கருத்து முழுசாக மாறவில்லை. இத்தனை காரணமும் இருந்தும் பக்கத்து நிரையில் ஒருத்தியாவது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாள், அவளும் அதே ஜீப்தான். அவளைப் பற்றி யாரும் எழுத மாட்டீர்கள்.

ஆனால் "முடக்கும்" என்று கேட்ட காதுக்கு என்னிடம் பதில் இல்லை. தங்கச்சி, முதல் பதிவில் 'பொய்' என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன்.

கியர்ரெண்டு | புதன், இரவு 7.40

பக்கத்து நிரை கேள்விக்கு: அப்படி ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய கங்காணி சொந்த மச்சான்.

ஏலக்காட்டு மகள் | ஞாயிறு, மாலை 4.15

ஒரு வாரம் கழித்து வருகிறேன். சிஸ்டர் அதட்டியதால் செவ்வாய்க்கிழமையே போய்விட்டோம். ஸ்கேனில் பழைய சின்ன அடைப்பு ஒன்று தெரிகிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். அந்த டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாக எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, திட்டாமல், "காலைல எத்தனை மணிக்குக் கிளம்புவீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா மூன்றரையில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். நானே அதில் பாதியை முதல் தடவையாகக் கேட்டேன். நீர் போகாத மாத்திரையாக மாற்றி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று என்று எழுதியிருக்கிறார். நேற்று 148க்கு 92.

மாத்திரை பேசும் நேரத்தில் உப்பைப் பற்றியும் பேசினார். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன்தானாம். அம்மாவின் தூக்குச்சட்டியில் சோறும் ஊறுகாயும் கருவாடும்தான் இருக்கும். காய் வைத்தால் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும், மூன்றரைக்கு எழுந்தவர் காய் நறுக்க இரண்டே முக்காலுக்கு எழ வேண்டும். இனி ராத்திரியே நான் வதக்கி வைத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் செய்தேன், நாலாம் நாள் தூங்கிவிட்டேன். அன்று ஊறுகாய்.

தண்ணீர் இன்னும் குடிப்பதில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. ஜீப் அண்ணனிடம் பெண்கள் நாலு பேர் சேர்ந்து பேசியிருக்கிறார்கள், ஏற்றத்துக்கு முன் பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிஷம் நிறுத்துவது என்று. நிறுத்துவது நீங்கள்தானா கியர்ரெண்டு அண்ணே?

கியர்ரெண்டு | ஞாயிறு, மாலை 4.50

நான் இல்லை, என் பங்காளி வண்டி. நானும் திங்கள்கிழமையிலிருந்து நிறுத்துகிறேன். கங்காணியிடம் டயரில் காற்று பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

ஏலக்காட்டு மகள் | ஞாயிறு, மாலை 5.05

அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அதட்டின நர்சம்மா எந்த ஊர் என்று கேட்கிறார். நல்ல நெத்திலிக் கருவாடு இருக்கிறதாம், யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமாம்.

ஊசிக்காரி | ஞாயிறு, மாலை 5.20

கருவாடா! எனக்கே போன மாசம் 150க்கு 96. சரி, கொடுத்துவிடச் சொல்லுங்கள்.